சரிந்த விளிம்பு

மலையடிவாரத்து வாடகை அறையில் அவள் தங்கிப் பத்தொன்பது நாளாகியிருந்தது. அருங்காட்சியகம் கொண்டுவரவிருந்த புத்தகத்துக்காக, எதிரே செங்குத்தாக நின்ற வெள்ளைப் பாறையைப் படமெடுக்கும் வேலை. வெயில் ஏறிவிட்டால் படத்தில் பாறை வெறும் வெள்ளைத் தாளாகத்தான் விழும். அதனால் விடியலில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மிச்சப் பொழுதுக்குத் தொலைநோக்கிதான் துணை.

"கல்லைப் படம் பிடிக்க ஒரு மாசமா? சிரின்னா சிரிக்கவா போகுது?" என்று அண்ணன் போனில் கேலி செய்தார்.

பாறை நடுவே ஒரு விளிம்பில் வல்லூறு ஒன்று ஒற்றைக் குஞ்சை வளர்த்தது. நாள் முழுக்க அவள் வாய் திறந்து பேசியது அந்தக் குஞ்சோடுதான். "இன்னிக்கு ஒரு வாய் கூடவே சாப்பிட்டே, சமத்து!" யாராவது கேட்டிருந்தால் மறை கழன்றுவிட்டது என்றிருப்பார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

இருபதாம் நாள் காலை மழை கொட்டித் தீர்த்தது. விட்டதும் அவள் கேமரா முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தபோது, விளிம்போடு சேர்த்துப் பாறையின் ஒரு பக்கம் மடமடவென்று சரிந்தது.

மதியம்வரை இடிபாட்டில் கையால் துழாவினாள். குஞ்சு கிடைக்கவில்லை. பிளந்து கிடந்த கல்லொன்றில் சிப்பிகள் அப்பிக் கிடந்தன. அருங்காட்சியகத்து நிலவியலாளரைக் கூப்பிட்டாள்.

"முழுச் சிப்பியா?" அவர் குரல் துள்ளியது. "அந்தப் பாறையே கடலடியில படிஞ்சதும்மா! பக்கத்துல அளவுகோல் வெச்சு எடுங்க."

"சார், அங்க இருந்த வல்லூறுக் குஞ்சு…"

"ஐயோ, பாவம்," என்றார் மெய்யாகவே. "வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடுங்க."

எடுத்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, கை பிசகவில்லை.

சாயங்காலம் தாய்ப் பறவை காலில் இரையோடு வந்தது. விளிம்பு இருந்த இடத்தில் இறங்கக் காலை நீட்டியது. பிடிக்க ஒன்றுமில்லாமல் மேலேறியது. மூன்று முறை. பிறகு உச்சியில் போய் உட்கார்ந்தது, இரையைத் தொடாமல். அதையும் அவள் படமெடுத்தாள்.

பாறை சரிந்ததை அண்ணனிடம் போனில் சொன்னாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நீ பத்திரமா இருக்கியே, அது போதும்மா," என்றார்.

"ஆமாண்ணா." தாய்ப் பறவை இரையோடு வந்ததை இனித்தான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் பிள்ளைகள் சண்டை.

"அப்புறம் கூப்பிடறேம்மா."

புத்தகத்தின் அட்டையில் சிப்பி வந்தது. பறவைப் படத்தை நிலவியலாளர் வெகுநேரம் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. எந்த அத்தியாயத்துல போடறது?" என்றார்.

மறுவருஷம் யாரும் அனுப்பாமலே அவள் அதே அறையை எடுத்தாள். பாறையின் உச்சிப் பிளவொன்றில் வல்லூறு கூடு வைத்திருந்தது. லென்சுக்கு எட்டாத உயரம். வால்நுனி மட்டும் தெரிந்தது. நான்கு நாள் இருந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பினாள்.