மேல்படியில் ராணி மட்டும்

ராணி மட்டும்தான் திரும்பி வந்தாள்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனோஜின் வீட்டிலிருந்து ஆட்டோவில் மூன்று அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. மனோஜ் என்பவன் ஜூன் பதினேழாம் தேதி வரை சட்டப்படி என் கணவன். பெட்டிகளில் குக்கர் இருந்தது, ஜார் இல்லாத மிக்ஸி இருந்தது, நான் ஒருநாளும் கட்டாத இரண்டு பட்டுப்புடவைகள் இருந்தன. மூன்றாவது பெட்டியின் அடியில், தெலுங்குப் பேப்பரில் சுற்றி, என் கல்யாணத்துக்கு அம்மா சீராகக் கொடுத்த மரப்பாச்சி. ஜோடியாகக் கொடுத்தது. ராஜாவும் ராணியும், செம்மரம், ஒரு சாண் உயரம். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தோம். ராஜாவைக் காணோம்.

அம்மா போன் போட்டுக் கேட்டாள். மனோஜின் அம்மா சொன்ன பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"ராஜா எங்க பையன் பக்கம், ராணி உங்க பொண்ணு பக்கம். பிரிச்சா அப்படித்தானே பிரிக்கணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா அழுதாள்.

அவள் அழுததற்குக் காரணம் ராஜா இல்லை, நவராத்திரி. அல்வாலில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை மனோஜ் டொராண்டோவில் இருக்கிறான். கேஸ் முடியும் தறுவாயில், மார்ச் மாதம் நான் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் அவனை அங்கே அனுப்பிவைத்தாள். ஏப்ரலில் அவனுக்கு அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். மே மாதம் அங்கே ஒரே பனி என்று பால்காரரிடம் சொன்னாள். மே மாதத்தில் என்ன பனி என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

செப்டம்பர் பிறந்ததும் அம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

"பத்து நாள்தானே ரக்ஷி. கச்சிபௌலியில உன் ஆபீஸ் பக்கத்துலயே ஒரு ஹாஸ்டல் பாத்து இரேன். கொலுவுக்கு நாலு பேர் வருவாங்க. உன்னைப் பாத்தா கேப்பாங்க."

"நானும் டொராண்டோ போயிட்டேன்னு சொல்லிடு."

"கிண்டல் பண்ணாதடி."

"கிண்டல் பண்ணாம அழணுமா?"

அம்மா உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முப்பத்திரண்டு வயதில், சொந்தமாகச் சம்பாதித்து, எவன் வீட்டுக் கதவையும் தட்டாமல் இருக்கிறேன். நான் யாரையும் அடிக்கவில்லை, அடி வாங்கியதும் நான்தான். அப்படியிருக்க, நான் பிறந்து வளர்ந்த வீட்டுக் கொலுவிலேயே என்னை ஒளித்துவைக்க வேண்டுமாம். போக மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எப்படிப் போகாமல் இருப்பது என்பதுதான் தெரியவில்லை.

பெயிண்ட் ஊற்றும் வீடியோவைப் பார்த்தது கம்பெனி வண்டியில். மேம்பாலத்துக்குக் கீழே முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை. போனில் ஒரு பெண், ஒரே தம்ளரில் நாலைந்து நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விட்டு, ஒரு வெள்ளைக் கரடி பொம்மையின் தலையில் கவிழ்த்தாள். பிரஷ் கிடையாது, கோடு கிடையாது. நிறங்கள் தாமாக இறங்கி, எங்கே போக வேண்டுமோ அங்கே போயின. நான் அதை ஏழு தடவை பார்த்தேன். வரையத் தெரியாதவளுக்கு ஏற்ற வேலை என்று தோன்றியது.

ஒன்றும் அப்படியில்லை. சாலையோரம் வாங்கிய பிளாஸ்டர் வாத்துகளில் ஆரம்பித்தேன். அக்ரிலிக் பெயிண்டில் பெவிகாலும் தண்ணீரும் கலந்து தேன் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றாள் வீடியோக்காரி. என் கைக்குத் தெரிந்த ஒரே பதம் தோசை மாவு. முதல் வாத்தின் தலையில் ஊற்றியது கெட்டிச் சட்னி மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இரண்டாவதற்குத் தண்ணீரை அதிகமாக விட்டேன், பெயிண்ட் முழுக்க வழிந்து தட்டில் விழ, வாத்து பழையபடி வெள்ளையாக நின்றது. மூன்றாவதற்குப் பதம் சரியாக வந்தது. ஆசையில் குச்சி விட்டுக் கிண்டினேன், ஐந்து நிறமும் சேர்ந்து சாணி நிறமானது.

அப்பா பின்பக்க வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்தார். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் பெயிண்ட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். எதன்மேல் பெயிண்ட் இருந்தாலும் நகத்தால் அழுத்திப் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. மூன்று வாத்துகளையும் அழுத்தினார்.

"ரிஜெக்ட்," என்றார். மறுபடி பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

நாலாவது வாத்து தேறியது. நீலம் கறுப்புக்குள் இறங்கி, நடுவில் பொன் நிறம் நரம்பு மாதிரி ஓடி, வால் நுனியில் சொட்டாக நின்றது. அந்த ஒழுங்கை நான் செய்யவில்லை. ஆனால் நான் ஊற்றாமல் அது வந்திருக்காது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு விஷயம் என் கையால் நன்றாக வந்திருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

அங்கே அம்மா ராணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஜெனரல் பஜார்ல கேட்டேன். ராஜா மட்டும் தனியா குடுக்க மாட்டானாம், ஜோடியாத்தான் எடுக்கணுமாம்."

"ஜோடியா வாங்கினா ஒரு ராஜாவுக்கு ரெண்டு ராணி ஆயிடுமே. அது பரவால்லயா?"

"அதான் புது ஜோடியை வெச்சிட்டு இதை பீரோவுல வெச்சிடலாம்னு பாக்கறேன். ஒத்தை மரப்பாச்சியைப் படியில வெக்கக் கூடாதுடி."

எனக்கு ஹாஸ்டல், ராணிக்கு பீரோ. அம்மாவின் கையிலிருந்து ராணியை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

மரத்தில் பெயிண்ட் பிடிக்க முதலில் வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். அடித்தேன். மறுநாள் மத்தியானம் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அதன்மேல் ராணியை நிறுத்தி, தம்ளரில் கறுப்பு, மயில் நீலம், குங்குமச் சிவப்பு, பொன் என்று விட்டேன். கிண்டவில்லை. உச்சந்தலையில் ஊற்றினேன். நெற்றியில் இரண்டாகப் பிரிந்து தோளில் இறங்கி, மார்பைச் சுற்றி, மடித்த கைகளுக்குள் தேங்கி, அங்கிருந்து பாவாடை மடிப்பு மாதிரி வழிந்தது. வருஷா வருஷம் அம்மா அவளுக்கு ஒட்டுத்துணியில் பட்டு தைத்துக் கட்டுவாள். இந்த வருஷம் அவளே கட்டிக்கொண்டாள்.

"அடிப் பாவி!"

அம்மா வாசலில் நின்றிருந்தாள். பிடுங்க இரண்டு அடி வைத்தாள், நின்றுவிட்டாள். ஈரமாக இருப்பதைத் தொட முடியாது.

"சீர் பொம்மைடி அது. அதுல போய் இப்படி..."

"எனக்குக் குடுத்த சீர்தானே? என் ராணி. மேல்படியில இவதான் நிப்பா. நானும் எங்கயும் போகல, பத்து நாளும் லீவு போட்டாச்சு."

அம்மா என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். புது ஜோடியும் வாங்கவில்லை.

மறுநாள் அமாவாசை. கொலு வைக்கிறவர்கள் அன்று நல்ல நேரத்தில் முதல் பொம்மையாக மரப்பாச்சியைத்தான் படியேற்ற வேண்டும். அப்பா ராணியை நகத்தால் அழுத்தினார்.

"மேலதான் காஞ்சிருக்கு. உள்ள ஈரம். மூணு நாள் ஆகும்."

மூன்று நாளுக்கு நான் எங்கே போவது? நல்ல நேரம் பத்தரை வரைதான். எல்லாப் படிக்கும் சேர்த்து அப்பாவின் வெள்ளை வேட்டி விரித்திருந்தது; மேல்படியில், நடுவில், நானே ராணியை நிறுத்தினேன். அம்மா பக்கத்தில் நின்று மற்ற பொம்மைகளை அடுக்கினாள். ராணியின் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மணி அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, லாலாபேட்டில் நாலு தலைமுறையாக இருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய தமிழில் 'வேண்டாம்' என்ற சொல்லே கிடையாது, நக்கோதான்; 'எதுக்கு' கிடையாது, கைக்குதான். எதிர்வீட்டு ஸ்ரீஜாவும் சுண்டல் வாங்க வந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை மேல்படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மேல்படியைப் பார்த்தார்.

"ராஜா எங்க சாவித்ரி?"

"அது... டொராண்டோவுல..." என்றாள் அம்மா. அத்தை கேட்ட கேள்வி ஒன்று, தான் சொன்ன பதில் வேறு என்பது அவளுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. அம்மா அப்படித் தடுமாறி நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ராஜா அவங்க வீட்டுல இருக்கான் அத்தை. மனோஜும் அங்கதான் இருக்கான், டொராண்டோல இல்ல. எங்களுக்கு ஜூன்லயே டிவோர்ஸ் ஆயிடுச்சு."

சுண்டல் மென்றுகொண்டிருந்த ஸ்ரீஜாவின் வாய் நின்றது. அத்தை புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கைக்கு இந்த வேஷமெல்லாம்? வாழாவெட்டிக்கு மேல்படியா? அந்தப் பொம்மையை எறக்கு சாவித்ரி."

"கொலு வெச்சா விஜயதசமி வரைக்கும் எறக்கக் கூடாதே அண்ணி."

"ஒத்தையா வெச்சதே தப்பு. தப்பை எறக்குறதுல தப்பில்ல. எறக்கு, இல்லாட்டி எனக்கு உன் தாம்பூலம் நக்கோ."

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. இதை அவளேதான் செய்ய வேண்டும், செய்தால் அன்றைக்கே நான் அந்த வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா ராணியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். ராணியோடு வேட்டியும் கூடாரம் மாதிரி எழும்பியது, கீழ்ப்படியில் தசாவதாரம் முழுக்க ஆட்டம் கண்டது. ஈரத்தோடு வைத்த பெயிண்ட், பெவிகாலும் சேர்த்து, மூன்று நாளில் அடியில் கல்லாக இறுகியிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன், காயலன்னு," என்றார் அப்பா, நாற்காலியில் இருந்தபடியே.

"நல்லா இழு," என்றார் அத்தை.

அம்மா இழுக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. ராணியை அவள் அத்தனை கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். விரலால் அந்தப் பொன் கோட்டைத் தடவினாள்.

"வர மாட்டேங்கறா அண்ணி."

"வேட்டியோட அறுத்து எடு."

"அறுத்தா எல்லாம் விழும்." அம்மாவின் குரல் உடைந்தது. ஆனால் நிற்கவில்லை. "ஆறு மாசமா நானும் ஒளிச்சு ஒளிச்சுப் பாத்துட்டேன். எனக்கு அந்த ஊர் எங்க இருக்குன்னு கூடத் தெரியாது. தினம் ஒரு பொய். போதும். அவன் கை ஓங்கினப்போ இந்த மேல்படி, கீழ்ப்படியெல்லாம் எங்க போச்சு? இவ இங்கதான் இருப்பா. என் பொண்ணும் இங்கதான் இருப்பா."

இறங்கினாள். அத்தைக்கென்று எடுத்து வைத்திருந்த வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத் தட்டை எடுத்தாள். அத்தை கையை நீட்டவில்லை. அம்மா ஒரு கணம்கூட அங்கே நிற்காமல் தட்டை என் பக்கம் திருப்பினாள்.

"ரக்ஷி, எடுத்துக்கோ."

டிவோர்ஸ் ஆனவளுக்கு இதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் எடுத்துக்கொண்டேன். அழுதுவிட்டேன், அதை மறைக்கவில்லை. அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"ஆன்ட்டி," என்றாள் ஸ்ரீஜா மெதுவாக, "ஆ பொம்ம எக்கட கொன்னாரு? சால பாகுந்தி." அந்தப் பொம்மையை எங்கே வாங்கினீர்கள், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில்.

"எங்கயும் வாங்கல," என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் பொண்ணு பண்ணினது."

அடுத்த நாளிலிருந்து தெருவே வந்தது. பாதிப் பேர் ராணியைப் பார்க்க, பாதிப் பேர் என்னைப் பார்க்க. இருவருமே நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படி நின்றோம்.

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி முடிந்ததும் கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் எப்போதும் மரப்பாச்சி ராணியைத்தான் படுக்க வைப்போம். அம்மா முக்காலியில் ஏறி, அவள்மேல் கை வைத்து, பழக்கத்தில் சாய்க்கப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இவ படுக்க மாட்டாடி," என்றாள். கடைசிப் படியில் அரிசி மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த செட்டியாரைப் படுக்க வைத்துவிட்டு, விளக்கைத் தூண்டிவிடப் போனாள்.