ஒன்பதாம் எண் வீட்டு மழை

1952 மார்ச்சிலிருந்து இங்கிலாந்தில் லங்காஷயரின் ஸ்கெல்பி நகரில், நூற்பாலைக்குப் பின்னால் உள்ள தெருவில், ஒன்பதாம் எண் வீட்டுக்குள் மட்டும் மழை பெய்தது. கூரையில் ஓட்டை கிடையாது. உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே தொடங்கி மேசை மேலும், கட்டிலில் கிடந்த ஏழு வயது மொரீன் மேலும் விழுந்தது. அதே நேரத்தில் தெருவில் மற்றவர்கள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மொரீனுக்கு நெஞ்சில் சளி; அவள் இருமினால் மூன்றாவது வீட்டுத் தேநீர்க் கோப்பை ஆடும். ஆலையில் வேலை பார்த்த அவள் அம்மா ஹில்டா கேட்டதெல்லாம், குன்றின் மேல் நகரசபை கட்டிய புது வீடுகளில் காய்ந்ததாக ஒன்று.

எங்கள் நகரசபையின் சுகாதாரக் குழு அவ்வளவு லேசில் இரங்கிவிடாது. ஆய்வாளர் ஓக்டன் குடையை விரித்துக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்தார். ஈரம் தரையிலிருந்து ஏற வேண்டும், இல்லை கூரையிலிருந்து இறங்க வேண்டும். படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான், இது இரண்டிலும் சேராது, ஆகவே வீடு வசிக்கத் தகுந்தது என்றார். சுகாதாரத் தாதி வந்து மீன் எண்ணெய் கொடுத்தாள். அலமாரி மேல் விரலை ஓட்டி, தூசியே இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனாள். அந்த வருட அறிக்கையில் நகரின் சுகாதாரம் திருப்திகரம் என்று அச்சானது. போன வருடமும் அதே வரிதான், எழுத்துப் பிழை உட்பட. வெட்கங்கெட்ட ஜன்மங்கள்.

மூன்று வருடம் மனுப் போட்ட பிறகு, குழுத் தலைவர் ஹாலம், பால்காரர்களிடம் சோதனைக்குப் பால் கேட்பதுபோல், மழையில் கொஞ்சம் புட்டியில் அடைத்து முத்திரையிட்டுக் கொண்டுவரும்படி ஹில்டாவிடமும் கேட்டார். ஹில்டா புட்டியை மேசையில் ஒரு வாரம் திறந்து வைத்தாள். ஏழாம் நாள் கடைசிச் சொட்டும் அதில் விழுந்து மழை நின்றது. புட்டி பாதிதான் நிறைந்திருந்தது. அவள் அதை மூடி முத்திரையிட்டுக் குழு கூடும் அறைக்கு எடுத்துப் போனாள். அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் மழையும் வீடு திரும்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏம்மா, இத்தனூண்டுக்கா மூணு வருஷமா எங்க உயிர வாங்குனே?" என்றார் ஹாலம்.

"பூராவும் அதுலதாங்க இருக்கு. வாங்கிக்கிட்டோம்னு எழுதிட்டீங்கன்னா நான் போயிட்டே இருப்பேன்," என்றாள் ஹில்டா.

எங்கள் நகரசபையில் ஒன்றைப் பெற்றுக்கொண்டதாகக் குறிப்பேட்டில் ஏறிவிட்டால் திருப்பித் தர வழி கிடையாது. ஏற்றுவதற்கு முன் உள்ளே என்ன என்று பார்க்கும் வழக்கமும் கிடையாது. குமாஸ்தா எழுதினார், ஹாலம் கையெழுத்துப் போட்டார், பிறகுதான் முத்திரையை உடைத்து முகர்ந்து பார்த்தார். உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே மழை தொடங்கியது. இருபதே நிமிடத்தில், அந்த அறை மனிதர் இருக்கத் தகுதியற்றது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மொரீனுக்கு மூன்று வருடம் கிடைக்காத தீர்மானம் அது.

ஒன்பதாம் எண்ணில் மெத்தை காய நாலு நாள் ஆயிற்று. அடுத்த மாதம் மொரீன் இருமாமல் பள்ளிக்கூடம் போனாள். ஓக்டன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, புகார் ஆதாரமற்றது என்று எழுதிக்கொண்டார். குழு மூன்று முறை அறை மாற்றியது. மழை குழுவின் சொத்து என்பதால் அதுவும் கூடவே போயிற்று. இப்போதெல்லாம் உறுப்பினர்கள் குடை பிடித்துக்கொண்டு கூடுகிறார்கள்; மை கரைந்துவிடுவதால் நகரின் சுகாதாரம் திருப்திகரம் என்பதைப் பென்சிலில் எழுதுகிறார்கள்.