உள்வீட்டுக்குப் போன மெஷின்

இலங்கையில் கஹவத்தைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் பதினொரு வயதில் கூலியாகப் பேர் பதிந்தவள் வெள்ளையம்மா. புல் வெட்டினாள், தேயிலைக் கொழுந்து எடுத்தாள், ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். இருபத்தாறு வயதுக்குள் தோட்டத்தில் அவள் செய்யாத வேலை என்று ஒன்றும் பாக்கியில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் ரப்பர் விலை படுத்துவிட்டது. பாதி மலையில் பால் வெட்டை நிறுத்திவிட்டார் தோட்டத்துத் துரை. வேலை இல்லாமல் போனவர்களில் அவளும் அவள் புருஷன் வேலுசாமியும் இருந்தார்கள். வேலுசாமி கடைவீதியில் மாட்டு வண்டி ஓட்டப் போனான். அவள் ஆறு மாதம் ரோட்டுக்குக் கல் உடைத்தாள். பிறகு ஒரு அப்பக் கடையில் மாவு இடித்தாள். கடைசியில் துணிக்கடை மக்கீன் முதலாளி வீட்டில் நெல் குத்தவும் துணி துவைக்கவும் சேர்ந்தாள்.

முதலாளியின் மனைவி மஹ்மூதாவிடம் கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் வெள்ளையம்மாவின் கால் தானாக நின்றுவிடும்.

"பாத்துக்கிட்டே நிக்கிறியே புள்ள, வந்து சுத்திப் பாரேன்" என்றாள் மஹ்மூதா ஒரு நாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

ஒரு வருஷம் போவதற்குள் மக்கீன் கடையில் தொங்கிய சீத்தைத் துணி ஜாக்கெட்டுகளும் பிள்ளைகளின் சட்டைகளும் பாதிக்கு மேல் வெள்ளையம்மா தைத்தவையாகிவிட்டன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் கொழும்பு மெஷின் கம்பெனியிலிருந்து சுந்தரலிங்கம் என்பவர் வந்து இறங்கினார். கோட்டுப் போட்ட மனிதர், நல்ல குரல். மக்கீன் கடை வாசலில் புது மெஷினை வைத்து மூன்று நாள் பேசினார். ஆண்கள் கூடினார்கள், கேட்டார்கள், தலையாட்டினார்கள், வெற்றிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மெஷின்கூட விற்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை, தைத்த சட்டைகளைக் கொடுக்க வந்த வெள்ளையம்மா சற்று நேரம் நின்று கேட்டாள்.

"ஐயா, நீங்க நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா தைக்கிறவங்க ஒருத்தரும் இங்க இல்லீங்களே."

"வேற எங்கம்மா இருக்காங்க?"

"வீட்டுக்குள்ள இருக்காங்க. நீங்க அங்க போக முடியாதுங்க. நான் போவேன்."

சுந்தரலிங்கம் சிரித்துவிட்டார். மக்கீன் முதலாளி சிரிக்கவில்லை. "மெஷினக் குடுத்துப் பாருங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

மறுநாள் மஹ்மூதா தன் சொந்தக்காரப் பெண்கள் ஒன்பது பேரை உள்வீட்டில் கூட்டிவைத்தாள். வெள்ளையம்மா பாயில் உட்கார்ந்து, துணியை விரித்து, சக்கரத்தைச் சுற்றினாள். நாலு விரல் தூரம்கூடத் தைத்திருக்கமாட்டாள், டக்கென்று ஊசி உடைந்துவிட்டது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எழுந்து போய்விடலாமா என்றுகூட வெள்ளையம்மாவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் உடைந்த துண்டை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள்.

"இப்ப ஒடைஞ்சது நல்லதாப் போச்சுங்க. நாளைக்கு உங்க வீட்டுலயும் இது ஒடையும். அப்ப யாரைத் தேடி ஓடுவீங்க? எப்புடி மாத்துறதுன்னு இப்பவே பாத்துக்கங்க."

திருகை இளக்கினாள், புது ஊசியைப் பொருத்தினாள். மஹ்மூதாவின் மதினி ஸைனம்பு முன்னால் நகர்ந்து வந்து, "எனக்கும் காட்டுங்க" என்று தானே கழற்றி மாட்டிப் பார்த்தாள். அன்று மாலை அஸர் தொழுகைக்குள் மூன்று வீடுகள் மெஷின் கேட்டிருந்தன. சேதி கேட்ட சுந்தரலிங்கம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு கம்பெனிக்காக வீடு வீடாகப் போவதே அவள் வேலையாகிவிட்டது. சிங்கள வீடுகளில் 'நோனா, மே பலன்ன', அம்மா இதைப் பாருங்கள், என்று தொடங்கி அவர்கள் பாஷையிலேயே பேசினாள். முன்பு வேலை செய்த தோட்டத்துக்கும் போனாள். வியாபாரத்துக்கு வருகிறவர்களை உள்ளே விட உத்தரவில்லை என்று காவல்காரன் மறித்தான். அவள் சண்டை பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே, பலா மரத்தடியில் மெஷினை வைத்து, கிழிந்த துணிகளைச் சும்மா தைத்துக் கொடுத்தாள். பத்து மணிக்குள் தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்கள் பாதிப் பேர் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

முப்பத்தொன்றில் கொழும்பிலிருந்து கம்பெனியின் பெரிய துரை அவளைக் கூப்பிட்டனுப்பினார். சுந்தரலிங்கம் கூடப் போனார். புதிதாக அச்சடிக்கப் போகிற விளம்பரப் படத்தை மேசைமேல் விரித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார் துரை. கவுன் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் மெஷின்மேல் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளையம்மா வெகுநேரம் பார்த்தாள். "இந்த அம்மா அழகா இருக்காங்க. ஆனா மெஷின்ல நூலே இல்லீங்க. யாருக்குத் தைக்கிறாங்கன்னும் தெரியல."

சுந்தரலிங்கம் தயங்கித் தயங்கி அதை இங்கிலீஷில் சொன்னார். துரை படத்தைத் தன் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தார். பிறகு மேசையில் தட்டிச் சிரித்தார். புதுப் படத்தில் சேலை கட்டிய ஒருத்தி பாதி தைத்த பிள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். இரத்தினபுரி மாவட்டம் முழுவதற்கும் விற்பனைப் பொறுப்பு வெள்ளையம்மாவிடம் வந்தது. சுந்தரலிங்கம் அவளுக்குக் கீழே கடிதம் எழுதவும் கணக்கெழுதவும் தானே கேட்டு வந்தார்.

"உங்களுக்குச் சங்கடமா இல்லீங்களா?" என்று அவள் இரத்தினபுரிக்குப் போகும் ரயிலில் கேட்டாள்.

"சங்கடம் என்னம்மா? வேலை தெரிஞ்சவங்ககிட்ட வேலை செய்யறதுதான் சுகம்."

இரத்தினபுரி கடைவீதியில் கம்பெனிக்கு ஒரு கடை எடுத்தார்கள். கண்ணாடி அலமாரி, பெயர்ப்பலகை எல்லாம் கொழும்பிலிருந்து வந்தன. வெள்ளையம்மா அவற்றைப் பெரிதாகப் பார்க்கவில்லை. தச்சனைக் கூப்பிட்டு, பின்சுவரில் சந்துப் பக்கமாக ஒரு கதவு வைக்கச் சொன்னாள். உள்ளே பாய் விரித்து நாலு மெஷின்களை வைத்தாள். ஸைனம்புவையும் லயத்திலிருந்து வந்த இலட்சுமியையும் அங்கே உட்காரவைத்தாள்.

கடை திறந்த அன்று நடுப்பகலுக்குள் அந்தப் பின்கதவால் பதினேழு பெண்கள் வந்துபோனார்கள். முன்வாசலில் தனியாக உட்கார்ந்திருந்த சுந்தரலிங்கம் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நிம்மதியாக வாசித்து முடித்தார்.