மடத்து மாத்திரை

ஹென் மாமாவின் முகம் மாதாமாதம் வட்டமாகிக்கொண்டே வந்தது. எங்கள் துறையில் படகு ஓட்டுகிறவர். அறுபத்திரண்டு வயது, எலும்பும் தோலுமாக இருந்த மனிதர். இப்போது கன்னம் இரண்டும் உப்பி, கண் உள்ளே போயிருந்தது. கை மட்டும் பழையபடி குச்சிதான். அதில் ஆங்காங்கே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

பதினேழு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அந்த முகம் எதனால் வரும் என்று எனக்குத் தெரியும்.

"மாமா, என்ன மருந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"உன் கடைப் பக்கம் வந்தே வருஷமாச்சே, தோவா! எல்லாம் எதிர்ல மடத்துலதான். கறுப்பு உருண்டை, காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. முட்டிவலி போன இடம் தெரியல. படிக்கட்டை ரெண்டு ரெண்டா தாண்டறேன் பாரு!"

தாண்டியும் காட்டினார்.

என் கடைக்கு நேர் எதிரே பிக்குணிகள் மடம். சனிக்கிழமை காலையில் அங்கே இலவச மருத்துவம். விடிவதற்குள் வாய்க்காலில் படகுகள் வரிசை கட்டிவிடும். ஊர்ப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வேர்களை நறுக்குவார்கள், பட்டைகளை வெயிலில் உலர்த்துவார்கள், வந்தவர்களுக்குக் காளான் கஞ்சி ஊற்றுவார்கள். மூத்த பிக்குணி தின் நூ நாடி பார்த்து மருந்து கொடுப்பார். பௌர்ணமிதோறும் நானே அங்கே சோயாக்கட்டி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அந்த வாரம் கடை வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தபோது என் கண் வட்ட முகங்களையே தேடியது. பதினொன்று தேறியது.

அந்த உருண்டையில் ஏதோ கலந்திருக்கிறது என்று பக்கத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் நியானிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைக்கவேயில்லை.

"உனக்கு வியாபாரம் படுத்துப் போச்சு, அதான் எரியுது. காசு வாங்காம குடுக்கறவங்க எதுக்குடி விஷத்தைக் கலக்கப் போறாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. வியாபாரம் படுத்திருந்தது உண்மை. ஹென் மாமாவின் உடம்புக்காகக் கவலைப்படுகிறேனா, என் கடைக்காகவா என்று எனக்கே அன்று நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனாலும் அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. காசு வாங்காதவர் எதற்குக் கலக்க வேண்டும்? பேருக்காக இருக்கலாம். கூட்டம் சேரச் சேரத்தானே மடத்துக்குப் புதுக் கூரை, புது மண்டபம் எல்லாம் வந்தது?

அடுத்த சனிக்கிழமை காலை முட்டிவலி என்று நொண்டுவதுபோல் நடித்துக்கொண்டே வரிசையில் போய் நின்றேன். தின் நூ என் மணிக்கட்டைப் பிடித்து வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

"முட்டில ஒண்ணும் இல்லம்மா. சரியா தூங்கறதில்லையா?"

"வலிக்குது, பிக்குணியம்மா. எல்லாருக்கும் கறுப்பு மாத்திரை தரீங்களே, எனக்கும் அதையே குடுங்க."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அது வயசானவங்களுக்கு. உனக்கு வேணாம்." இரண்டு பொட்டலம் வேர் மட்டும் கட்டிக் கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் மறுக்கிறார் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

ஹென் மாமாவிடம் கெஞ்சி ஆறு உருண்டை வாங்கினேன். கான் தோ நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் என்னோடு படித்தவள் வேலை செய்கிறாள். அவளுக்கு அனுப்பினேன். ஒன்பதாம் நாள் சோதனை முடிவுத் தாள் வந்தது. நான் நினைத்ததேதான்: ஸ்டீராய்டு, அதுவும் மருத்துவர் எழுதித் தரவே தயங்கும் அளவுக்கு.

அந்தத் தாளோடு நேராக மடத்துக்குள் போனேன். தின் நூ கொல்லையில் இஞ்சிப் பாத்தியில் குத்த வைத்து உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நாலு பேர் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தித்தான் படித்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"இது சாப்பிட்டா என்னாகும்?" என்று கேட்டார்.

சொன்னேன். சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப் போகும், சின்னப் புண்கூட ஆறாது. கேட்கக் கேட்க அவர் கையிலிருந்த மண் தானாக உதிர்ந்தது.

"அது நாங்க செய்யறது இல்ல, தோவா. கியெம் ஐயா தானமா கொண்டுவந்து குடுக்கறது. நாலு வருஷமா."

"உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவைகூட கேக்கலையா?"

"கேட்டிருக்கணும். சின்னவங்களுக்குக் குடுக்க மட்டும் மனசு வரல. ஏன் வரலன்னு நான் என்னையே கேட்டிருக்கணும். கேட்டா மருந்து வரத்து நின்னுடும், ஜனங்க வலியோட திரும்பிப் போவாங்கன்னு பயந்துட்டேன்" என்றார்.

சட்டென்று எழுந்து மருந்தறைக்குப் போனார். உருண்டை இருந்த டின்களைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து நடந்தார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"வேணாம்மா! மாசக்கணக்கா சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. டாக்டர் பாத்து கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்."

டின்னைக் கீழே வைத்துவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். திட்டிவிட்டுப் போகத்தான் வந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கியெமை வரச் சொன்னோம். மரக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர், பெரிய தானக்காரர். இவர்தான் ஆள் என்று என் சந்தேகம் முழுவதும் அவர்மேல் தாவியிருந்தது. அவர் ஸ்கூட்டரை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றினார். அவருக்கும் அதே வட்ட முகம்.

"நானும் என் வீட்டுக்காரியும் இதைத்தான் சாப்பிடறோம்" என்றார். "எனக்குக் குணமாச்சேன்னுதானே வாங்கிக் குடுத்தேன்? பரம்பரை மருந்துன்னான், சைகோன்ல இருந்து வர்ற ஆளு." அங்கேயே அவனுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்தது. பிறகு அந்த எண் வேலை செய்யவேயில்லை.

சனிக்கிழமை தின் நூ கூட்டத்தின் முன் நின்று எல்லாவற்றையும் சொன்னார். கியெம் பேரைச் சொல்லவில்லை. "தப்பு என்னோடது" என்று மூன்று முறை கும்பிட்டார். ஜனங்கள் அவர்மேல் கோபப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவ கடை ஓடணும்னு நல்ல மருந்தைக் கெடுத்துட்டா!" என்று ஒரு கிழவர் கத்தினார்.

"தாளுக்கு எவ்வளவு குடுத்தே?" என்றாள் இன்னொருத்தி.

எனக்குக் கண் கலங்கியது. தின் நூ என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "இவ சொல்லாம விட்டிருந்தா நான் உங்களுக்குக் குடுத்துக்கிட்டே இருந்திருப்பேன்" என்றார். சிலர் அதைக் கேட்டார்கள். பலர் படகை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்களோடு மாவட்ட மருத்துவமனைக்கு இருபத்துமூன்று பேர் வந்தார்கள். கியெமும் அவர் மனைவியும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. ஹென் மாமா வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். இரண்டு வாரம் கழித்து உருண்டை தீர்ந்துபோய், படகிலேயே மயங்கி விழுந்து, அவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

இப்போது அவர் முகம் வற்றிவிட்டது. முட்டிவலியும் திரும்பிவிட்டது. நான் அவர் படகில் ஏறினால் என்னோடு பேசுவதில்லை.

சனிக்கிழமை காலைகளில் நான் மடத்தில் உட்காருகிறேன். தானமாக வரும் மருந்து எதுவானாலும் நான் பிரித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போகும். கொண்டுவருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "புண்ணியத்துக்குக் குடுக்கறதையும் சோதிக்கணுமா?" என்று போன வாரம் ஒருவர் தைலப் பெட்டியோடு எழுந்து போய்விட்டார். கூட்டம் பாதியாகிவிட்டது. போனவர்களில் எத்தனை பேர் அதே உருண்டையை வேறெங்கோ தேடி வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. புது முகம் வரிசையில் வந்து நின்றால், முதலில் கன்னத்தைத்தான் பார்க்கிறேன்.