கையை எடு

குடும்பப் போட்டோவுக்கு மேடையேறியதும் சிவரஞ்சனி வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். கொழுந்தன் செந்தில்குமாரின் வரவேற்பு. ஜெயங்கொண்டத்தில் பெரிய மண்டபம். மேடையின் இருபுறமும் விளக்குகள் சிவப்பும் நீலமுமாக வெட்டி வெட்டி அடித்துக்கொண்டிருந்தன. உடையார்பாளையத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்த சொந்தமெல்லாம் மணப்பெண்ணை விட்டுவிட்டு இவளையே பார்ப்பதாக அவள் கணவன் ஜெயசீலனுக்குத் தோன்றியது.

எதற்குப் பொத்துகிறாள் என்று அந்த மண்டபத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். விட்டு விட்டு அடிக்கும் வெளிச்சம், அதிலும் சிவப்பு, கண்ணில் பட்டால் அவளுக்கு வலிப்பு வந்துவிடும். கண்ணை மூடினாலும் இமை வழியாகச் சிவப்பு உள்ளே போகும், ஒரு கண்ணைக் கையால் நன்றாக மறைத்துக்கொண்டு திரும்பிவிடு என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். பெண் பார்க்க வந்த அன்றே தனியாக அழைத்து இதை அவனிடம் சொன்னவள் அவள். நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றவன் இவன். தெரிந்தால், அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் அம்மா மறுவேலை பார்ப்பாள்.

சற்று முன்புகூடக் கெஞ்சினாள், அந்தச் சிவப்பை மட்டும் நிறுத்தச் சொல்லுங்களேன் என்று. அவனும் விறைப்பாக லைட்காரரிடம் போனான். என்ன சார் என்று அவர் திரும்பியதும், காரணம் கேட்பாரே என்று தோன்றிவிட்டது. லைட்டெல்லாம் பிரமாதம் என்று பாராட்டிவிட்டு வந்து சேர்ந்தான். பெரிய சூரன்தான்.

போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டு, அக்கா முகம் மறைக்கிறது என்றார். கீழே யாரோ சிரித்தார்கள்.

"கையை எடு ரஞ்சனி. எல்லாரும் பாக்குறாங்க."

அவள் எடுக்கவில்லை. அவன்தான், சிரித்த முகம் மாறாமல், அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினான். இறக்கிய கையை விடாமல் பிடித்தும் வைத்துக்கொண்டான்.

முதலில் அந்தக் கைதான் வெட்டியது. பிறகு தோள். அவள் சாய்ந்ததும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, முதுகைக் கூட்டத்துக்குக் காட்டியபடி மணமகள் அறைக்கு ஓடினான். உடம்பு உதறியதெல்லாம் அவன் பிடிக்குள்ளேயே உதறி அடங்கியது. நல்லவேளை, வலிப்பை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அவனுக்கு முதலில் வந்த நினைப்பு. அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது தன்னை நினைத்துத் தனக்கே கூசியது.

அம்மா ஜானகி நாலைந்து பெண்களோடு உள்ளே வந்தாள். வெளிறிக் கிடந்த மருமகளைப் பார்த்தாள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. அம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது.

"மயங்கி வுழுந்துட்டாளாமே. என்னடா, முழுகாம இருக்காளா?"

இல்லை என்றால், பின்னே என்ன என்று கேட்பாள். ஜெயசீலன் தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்பது உறைத்தது. அதற்குள் ஒருத்தி சமையல்கட்டுக்கு ஓடிக் கிண்ணத்தில் சர்க்கரை கொண்டுவந்துவிட்டாள். அம்மா அழுதுகொண்டே மருமகளுக்கு நெட்டி முறித்தாள்.

சிவரஞ்சனி கண் விழித்து மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். வலிப்பு வந்து போனால் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவிருக்காது. சுற்றி எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து, என்னவென்று புரியாமலே அவளும் சிரித்தாள். மாமியார் அவள் உதட்டில் சர்க்கரையை வைத்து, ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதா தாயி, வயித்துப் பிள்ளையோடயா இவ்வளவு நேரம் நின்ன என்றாள்.

சிவரஞ்சனியின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. முகங்களுக்கு நடுவே புருஷனைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"நெசமாவாங்க?"

பெண்களெல்லாம் அவன் பக்கம் திரும்பினார்கள். அம்மா இன்னொரு சிட்டிகை சர்க்கரையை எடுத்து, அவன் வாய் திறப்பதற்காகக் கையை நீட்டியபடி நின்றாள்.