இரண்டு கார்த்திகை

தர்ஷினி போட்டுக் கொடுத்த அட்டவணையைப் பார்த்துத்தான் வித்யாலட்சுமி அவளுக்கு இடம் கொடுத்திருந்தார். சென்னையிலிருந்து அவர் நடத்தும் இணைய இதழில், வாரம் ஒரு பெங்களூர்ப் பதிவு. எழுதுகிற எல்லோருக்கும் ஒரே நிபந்தனைதான்: மூன்று மாதத்துப் பதிவுகளை முன்கூட்டியே தேதியோடு திட்டமிட்டுத் தர வேண்டும். முதல் மாதத்திலேயே சொதப்பினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த தர்ஷினி, தன் வலைப்பூவில் விரல் விட்டு எண்ணக்கூடிய வாசகர்களுக்காக எழுதிக்கொண்டிருந்தவள். திட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினாள். எழுதி முடித்ததற்குப் பச்சை, படம் வர வேண்டியதற்கு மஞ்சள், இன்னும் தொடாததற்குச் சிவப்பு. குளிருக்கேற்ற சூப் கடைகளோடு தொடர் ஆரம்பம். மகுடமாகப் பசவனகுடி கடலைக்காய்த் திருவிழா. கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை நடக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். சமையலறைச் சுவரில் தொங்கிய தமிழ்த் தினசரிக் காலண்டரைப் புரட்டி, டிசம்பர் பதினைந்து என்று கட்டத்தில் போட்டாள்.

சூப் பதிவு நவம்பர் பதினேழு, திங்கட்கிழமை மாலை வெளியாக இருந்தது. மதியம் தொம்மலூர் அலுவலகத்தில் பக்கத்து மேசை ஷில்பா சீக்கிரமே கிளம்பப் பையை எடுத்து மாட்டினாள்.

"நானு பேக ஹோக்தீனி. இவத்து பரிஷே."

"என்ன பரிஷே?"

"கடலேகாயி பரிஷே! கார்த்திக மாசத கடே சோமவார அல்வா?"

கடலைக்காய்த் திருவிழா இன்றைக்காம், கார்த்திகையின் கடைசித் திங்கள் இதுதானாம்; தர்ஷினி அவசரமாகக் கைபேசியில் தேடிப் பார்த்தாள். தமிழ் மாதம் சூரியக் கணக்கு. கன்னட மாதம் நிலாக் கணக்கு. தீபாவளி அமாவாசை கழிந்ததுமே அதில் கார்த்திகை பிறந்துவிடும். அவள் காலண்டரில் கார்த்திகை அன்றுதான் பிறந்திருந்தது. ஷில்பாவின் காலண்டரில் அது முடியப் போகிறது.

படம் எடுத்துத் தருகிற நாகேஷைக் கூப்பிட்டாள். பெங்களூர் ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமலே வந்துவிட்டது.

"அய்ய, சூரியன் நிலா எல்லாம் பாக்காமயா தாயி கலர் கலரா கட்டம் போட்ட?"

"உனக்குத் தெரியும்ல! ஏன்டா சொல்லல?"

"நான் எங்க உன் திட்டத்தப் பாத்தேன்? இன்னிக்கு சூப்பு, படம் அனுப்பிட்டேன், அவ்ளோதான். சரி, கீழ வா. வண்டி எடுத்துனு வரேன்."

வித்யாலட்சுமியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. திட்டத்தை நம்பி இடம் கொடுத்தவரிடம், திட்டமே தப்பு என்று முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் பதிவு டிசம்பரில் வரத்தான் போகிறது, தெருவைக் கூட்டித் தள்ளி வெகுநாள் ஆன பிறகு. பார்க்கிங்கில் நின்றே சொல்லிவிட்டாள்.

வித்யாலட்சுமி உடனே கெடு வைத்தார். "ஆறு மணிக்குள்ள கட்டுரை வந்தா மாத்திப் போடறேன். வரலைன்னா சூப். அதுக்கப்புறம் நீங்க தொடரணுமான்னு யோசிப்போம்."

பசவனகுடிக்குள் நுழையுமுன், நேஷனல் காலேஜ் பக்கமே போலீஸார் வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். ஸ்கூட்டரை ஒரு சந்தில் நிறுத்திவிட்டு இருவரும் கூட்டத்தில் இறங்கினார்கள். தெருவின் இருபுறமும் கடலை. மலை மலையாகக் கடலை. பச்சை, வேகவைத்தது, மணலில் வறுத்தது. சிவப்பு, வெள்ளை, நகம் அளவு குட்டிக் கடலை. காலடியில் தோல் நொறுங்கியது. கோயிலில் இருக்கும் பெரிய பசவனுக்கு, அந்த மாபெரும் நந்திக்கு, முதல் விளைச்சலைப் படைக்கப் போகிறவர்கள் ஒரு பக்கம், ராட்டினத்துக்கு அடம்பிடிக்கும் குழந்தைகள் ஒரு பக்கம். நாகேஷ் குவியல்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து படமெடுத்தான். தர்ஷினி ஒரு டீக்கடைச் சுவரில் சாய்ந்து, கைபேசியில் இரண்டு கட்டை விரலாலும் தட்டினாள்.

வரலாறு, வழி, வகைகள் என்று திட்டத்தில் எழுதி வைத்திருந்த தலைப்புகள் எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. 'உங்கள் வீட்டுக் காலண்டரை நம்பி டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள். நான் காத்திருக்க இருந்தேன்' என்று ஆரம்பித்தாள். அதன்பின் விரல்கள் நிற்கவில்லை. யார் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். சட்டையில் யாருடைய பஞ்சுமிட்டாயோ ஒட்டியது. அவளுக்குச் சிரிப்பாக வந்தது. இப்படி ஒரு வேகத்தில் அவள் எழுதியதே இல்லை.

ஆறுக்குச் சற்று முன்னால் அனுப்பினாள். பதில் இல்லை. நாகேஷ் நீட்டிய வேகவைத்த கடலையைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"தின்னு தாயி. சூப்பு வந்தா வரட்டும், போ."

பிறகு கைபேசி அடித்தது.

"தர்ஷினி, போட்டாச்சு. கமெண்ட்ஸ் பாத்தீங்களா?" வித்யாலட்சுமியின் குரல் வழக்கத்தைவிட ஒரு படி மேலே இருந்தது. "ஆனேக்கல், ஓசூர்னு எல்லாரும் டிசம்பர்னுதான் இருந்திருக்காங்க! எல்லாருக்கும் ஒரே கேள்வி. நாளைக்கும் இருக்குமாம்மா?"

தர்ஷினி கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே எதிரிலிருந்த குவியலிடம் ஓடினாள். கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மாள் ஒருவர் படியால் அளந்துகொண்டிருந்தார்.

"அக்கா, நாளைக்கும் கடை இருக்குமா?"

"மூட்டையப் பாரு கண்ணு. இத்தனையும் வித்துட்டுத்தான் பஸ் ஏறணும். இந்த வாரம் பூரா இங்கதான் கெடப்பேன்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் வித்யாலட்சுமி. "அந்தம்மா சொன்னதை அப்படியே ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, மேலேயே போடறேன். அப்புறம், மீதி தேதியெல்லாம் நாளைக்கு ரெண்டு காலண்டரையும் பக்கத்துல வெச்சு சரிபாத்து அனுப்பணும். மூணு மாசத்துக்கு இல்ல, ஆறு மாசத்துக்கு."

"ஆறு மாசமா!" என்று தர்ஷினி கத்தியதில் அந்த அம்மாளின் படி தளும்பிக் கடலை சிந்தியது.