அசையாத தொப்பி

எங்கள் நீர்ப் பூங்காவில் கோடைக்கு ஒருவருக்குத்தான் கல்லூரி உதவித்தொகை. இரண்டு கோடையாவது அங்கே உயிர்காப்பாளராக இருந்திருக்க வேண்டும், அந்தக் கோடையில் ஒரு திடீர்ச் சோதனையிலும் தவறியிருக்கக் கூடாது, கூட வேலை செய்யும் ஒருவர் கைப்பட எழுதிய கடிதம் வேண்டும். இரண்டு பேர் சமமாக வந்தால் முதலில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு. கர்ட் ஹால்வர்சனைவிட நான் மூன்று வாரம் முந்தியவன். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை.

ஆகவே ஜூன் மாதமே கல்லூரிப் பெயர் போட்ட கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன். ஜூலை வெயிலில், விஸ்கான்சினே புழுங்கிக்கொண்டிருந்தபோது, அதைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். தபால்காரர் உட்பட எல்லோரும் வாழ்த்தினார்கள். உதவித்தொகை கிடைக்காவிட்டால் செப்டம்பரில் நான் போக வேண்டிய இடம், அப்பா வேலை பார்க்கும் சீஸ் தொழிற்சாலை. அங்கேயும் கம்பளிச் சட்டை தேவைப்படும், குளிர் அறையில். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

சோதனை இப்படித்தான் நடக்கும். எங்கள் தலைமை உயிர்காப்பாளர் டார்லீன், குழந்தை அளவு ரப்பர் பொம்மை ஒன்றை யாருக்கும் தெரியாமல் குளத்தில் அமிழ்த்திவிடுவார். பத்து வினாடிக்குள் நாம் அதைப் பார்க்க வேண்டும், அடுத்த இருபது வினாடிக்குள் தூக்கியிருக்க வேண்டும். பொம்மையை அவர் குளிப்பவர்களுக்கான துண்டுகள் அடுக்கிய வண்டியில் மறைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். இதைக் கண்டுபிடித்தவன் நான். அதற்கு மாற்று கண்டுபிடித்த மேதையும் நானே. வண்டியை முதலில் பார்ப்பவன் தொப்பியை ஒருமுறை தூக்கி வைப்பான், அடுத்த நாற்காலிக்காரன் அதைப் பார்த்துத் தன் தொப்பியைத் தூக்குவான். அலைக்குளத்தைச் சுற்றி ஆறு நாற்காலி. டார்லீன் வந்து சேர்வதற்குள் ஆறு பேரும் கழுகாகியிருப்போம். அந்தக் கோடையில் கர்ட் ஐந்து சோதனையில் தேறினான். மூன்று, என் தொப்பியின் புண்ணியம்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி மதியம் நான் ஐந்தாவது நாற்காலியில் இருந்தேன், கர்ட் நான்காவதில். அவன் திரும்பி என்னை நேராகப் பார்த்தான். அவன் தொப்பி அசையவில்லை. சரி, வண்டி வரவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அவன் தொப்பியைப் பார்த்தேன். அசையவில்லை. அப்போது காற்று வளையத்தில் மிதந்து வந்த ஒரு பெரியவர் என் நாற்காலியின் காலைத் தட்டினார்.

"தம்பி, உன் பொம்மை ஒண்ணு கீழே கெடக்குபோல."

ஒரு நிமிடம் பத்து வினாடி. கையில் நேரம் பார்க்கும் கருவியோடு என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருந்தார் டார்லீன். என் பெயருக்கு எதிரே 'தவறினான்' என்று குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓய்வறையில் கர்ட் மூக்கில் வெயிலுக்கான வெள்ளைக் களிம்பு தடவிக்கொண்டிருந்தான். வண்டியைப் பார்த்தாயா இல்லையா என்று கேட்டேன். பார்த்தேன் என்றான். பொய் சொல்லாததற்கு அவனை மெச்சுவதா என்று ஒரு கணம் குழம்பிப்போனேன்.

"நீ என் தொப்பியைப் பாக்காம தண்ணியைப் பாத்திருக்கணும்டா, வெஸ்" என்றான். "அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறாங்க."

அது உண்மை. அதனால்தான் அவனை அடிக்கக்கூட முடியவில்லை. பொம்மைக்குப் பதில் நிஜக் குழந்தை கிடந்திருந்தால் என்று நினைத்து அன்று நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஆனால் என் தொப்பியைப் பார்த்து மூன்று முறை தேறியபோது இந்த ஞானம் அவனுக்கு எங்கே போயிருந்தது?

அடுத்த வாரம், கூச்சமே இல்லாமல், கடிதம் கேட்டு வந்தான். ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுப்பதாக ஜூனில் பேசிவைத்திருந்தோம். எனக்கானதை அவன் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டான், நல்ல கடிதம், 'இவனை நம்பலாம்' என்று முடியும். டார்லீனிடம் தொப்பி விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் உதவித்தொகை அவன் கையைவிட்டுப் போகும், ஆனால் எனக்கு வராது. மற்ற நான்கு பேரின் வேலையும் சேர்ந்து போகும். கடைசியில் எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

கோடை முடிவு விருந்தில் கடிதத்தைச் சத்தமாக வாசிப்பது எங்கள் வழக்கம். சுட்ட சாசேஜும் சோளமும் தின்று முடித்ததும் அலைக்குளத்து ஆறு பேரும் வரிசையாக நின்றோம், நாற்காலி வரிசைப்படியே. டார்லீன் கர்ட்டின் கையில் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, பெருமையாக வாசித்தார்.

"கர்ட் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆகஸ்ட் பதினொண்ணாம் தேதி துண்டு வண்டி வந்ததை என்னைவிட முன்னாடி பாத்தது அவன்தான். பாத்ததும் அவன் கொஞ்சமும் அசையலை. அவ்வளவு நிதானம்."

டார்லீனுக்குக் கண் கலங்கிவிட்டது. தோற்றவன் இப்படி எழுத எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னார். பெற்றோர்கள் கைதட்டினார்கள். எங்கள் வரிசையில் யாரும் தட்டவில்லை. முதல் ஆளாக நின்ற மர்லா மெதுவாகத் தொப்பியைத் தூக்கி வைத்தாள். பிறகு இரண்டாமவன். பிறகு மூன்றாமவன். அடுத்தது கர்ட், அவனை அடுத்து நான்.

நான் காத்திருந்தேன். மூன்று வாரம் தாமதமானால் என்ன, தூக்கிவிடுடா என்றுதான் மனம் கெஞ்சியது. தூக்கியிருந்தால் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பேன், எனக்கு அவ்வளவுதான் ரோஷம்.

அவன் தொப்பி அசையவில்லை. பாவம், அவன் இரண்டு கையிலும் சான்றிதழ் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.